கதவிடுக்கில் ஒரு மச்சம்

என் காரின் பளபளப்பைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே மிகைப்படுத்துகிறேன் என்கிறார்கள். ஆகவே குறைத்தே சொல்கிறேன். வாசலில் நிறுத்தினால், தெருவில் போகிற காக்கைகள் இறங்கி வந்து அதன் கதவில் முகம் பார்த்து அலகு தீட்டிக்கொண்டு போகும். எதிர்வீட்டுக்காரர் கன்னத்தில் சவர நுரையோடு வந்து நின்ற நாளும் உண்டு. இதற்கு மேல் குறைக்க என்னால் முடியாது.

இத்தாலிக்காரர்கள் செய்த கார். சிவப்பு நிறம். இரண்டே இருக்கை. இஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிளப்பினால் புலி ஒன்று கொட்டாவி விட்டு எழுந்திருப்பது போலிருக்கும். முன் விளக்குகள் இரண்டும் மூக்குக்குள் புதைந்து கிடக்கும். பொத்தானை அழுத்தினால் தவளைக் கண்கள் போல மேலே எழும்பும். காரைப் பழையது என்று தள்ளவும் முடியாது, புதியது என்று கொள்ளவும் முடியாது. அந்த வயதுக் கார்களுக்குத்தான் இப்போது கிராக்கி. சின்ன வயதில் இதன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துப் பெருமூச்சு விட்ட பையன்களுக்கெல்லாம் இப்போது வழுக்கையும் வசதியும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

அதற்கு நான் வைத்த பெயர் சிவப்பி.

நான் ஓய்வு பெற்ற பல் மருத்துவன். சிவப்பியை எனக்கு விற்றவர் என்னிடம் பல் காட்ட வந்த ஒரு வியாபாரி. புதிதாக வாங்கிய வருஷமே மனிதர் உடம்பு பெருத்துப்போனார். காருக்குள் நுழைந்தால் வெளியே வர முடியவில்லை. ஒரு தடவை என் ஆஸ்பத்திரி வாசலில் அவர் உள்ளேயே மாட்டிக்கொள்ள, நான் தெருவில் மண்டிபோட்டு, சன்னல் வழியாகக் குறடை விட்டுக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். வலி போன சந்தோஷத்தில் அந்த இடத்திலேயே காரைச் சல்லிசாக எனக்குக் கொடுத்துவிட்டார். அவரை எப்படி வெளியே எடுத்தோம் என்பது தனிக் கதை. கூரையைக் கழற்ற முடியாத மாடலாக இருந்திருந்தால் இன்னும் உள்ளேதான் இருப்பார்.

சிவப்பி வந்த அன்று சாயங்காலம், பல் பார்க்கிற வாய்க்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றி வந்தேன். பல் மருத்துவன் புத்தி. ஊர்க்காரனுக்குக் கார் தெரிந்த இடத்தில் எனக்கு வரிசை தப்பிய பற்கள் தெரிந்தன. வலது கதவு இடுக்கு மேலே அகலம், கீழே குறுகல். மூக்கில் ஒட்டிய சின்னம் ஒரு மயிரிழை சாய்வு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கீலுக்குக் கீழே, தொழிற்சாலையில் வண்ணம் அடித்தவன் கையிலிருந்து வழிந்து உறைந்துபோன ஒரு சொட்டு. அரிசி அளவு. வால் முளைத்த அரிசி.

என் வீட்டுக் காரில் சொத்தையா? பல் மெருகேற்றும் சக்கரத்தால் அந்தச் சொட்டை இழைத்து இழைத்துச் சமமாக்கினேன். அப்புறம் வந்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சிகிச்சை. இடுக்கைச் சீராக்கினேன், சின்னத்தை நிமிர்த்தினேன், ஆணிகளின் தலைகளைக்கூட ஒரே திசையில் பார்க்க வைத்தேன். மின்சாரம் ஓடுகிற பகுதியை மட்டும் தொட்டதில்லை. ஆஸ்பத்திரி நாற்காலி ஒருமுறை எனக்குக் கொடுத்த ஷாக்கில் என் மீசை ஒரு வாரம் நட்டுக்கொண்டு நின்றது. அதிலிருந்து ஒயர் என்றாலே கையைக் கட்டிக்கொள்வேன்.

சிகிச்சை முடிந்ததும் ஒரு சடங்கு. நான் உள்ளே உட்கார்ந்து விளக்குப் பொத்தானை அழுத்துவேன். நான் குள்ளம், இருக்கை பள்ளம். மூக்குப் பகுதி என் கண்ணுக்கே தெரியாது. அதனால் என் மனைவி முன்னால் நிற்பாள்.

"ரெண்டும் எந்திரிச்சிடுச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

சொல்லும்போதே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஸ்டீயரிங்குக்கு மேல் எட்டிப் பார்க்கிற என் மொட்டைத் தலையைப் பார்த்து வருகிற காதல் சிரிப்பு என்றே நான் வைத்திருந்தேன். ஆண்பிள்ளைக்கு இந்த மாதிரி நினைப்புகளால்தான் வயிறு நிறைகிறது.

இப்போது சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தி ஓய்வு பெற்ற வானொலி அறிவிப்பாளர். "உப்பு கொஞ்சம் கம்மி" என்பதைக்கூட நாட்டின் தலைவர் காலமான செய்தி போலச் சொல்வார். அவரிடமும் இதே கார், இதே சிவப்பு, அதே வருஷம். இந்தக் கார்க்காரர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில்தான் அறிமுகமானோம். நாங்கள் இரண்டு பேரும் இஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என் மகளும் அவர் மகனும் அலுத்துப்போய் ஐஸ்கிரீம் சாப்பிடப் போனார்கள். நாங்கள் நிமிர்ந்தபோது சம்பந்தி ஆகியிருந்தோம்.

கார் ஒன்றுதான், வளர்ப்பு வேறு. அவர் வண்டியைத் துடைத்ததே இல்லை. அதன் பின்பெட்டியில் ஒரு பூனை மூன்று தலைமுறை வளர்த்தது. நான்காம் தலைமுறை இடம் போதவில்லை என்று தானாகக் காலி செய்தது.

இரண்டு குடும்பமும் பெரிய வீட்டை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுகிற வயசு வந்தது. இரண்டு குடியிருப்பிலும் கார் நிறுத்த வெட்டவெளிதான். இந்த மாதிரி வண்டியை வெயிலில் போட்டால் வண்ணம் வெளுக்கும், தோல் வெடிக்கும், மதிப்பு மண்ணாகும். கூரையும் பூட்டும் உள்ள கொட்டகை என் மகள் வீட்டில் இருந்தது. ஒன்றே ஒன்று.

மகள் விமானக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறவள். ஆகாயத்தில் முந்துகிற விமானங்களுக்கே வரிசை சொல்கிறவளுக்கு இரண்டு கிழவர்கள் எம்மாத்திரம்?

"ஒரு ஓடுபாதை, ஒரு விமானம்," என்றாள். "அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. மதிப்பு போடுற ஆளை வரவழைக்கிறேன். எந்த வண்டி மதிப்பு ஜாஸ்தியோ அது உள்ள. இன்னொண்ணை அன்னிக்கே வித்துடணும். வெளியில நின்னு துருப்பிடிக்கறதை நான் பாக்க மாட்டேன். ரெண்டு அம்மாவும் ஒத்துக்கிட்டாச்சு."

மருமகன் அந்த நேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது.

எனக்கு உள்ளூரக் குதூகலம். பூனை வீடு எங்கே, என் சிவப்பி எங்கே! மனைவியிடம், "சம்பந்தி பாவம், அழுவார், கைக்குட்டை எடுத்து வை," என்றுகூடச் சொன்னேன். அடுத்த வாரம் சம்பந்தி தொலைபேசியில் வந்தார்.

"வணக்கம். முக்கியச் செய்தி ஒன்று."

"சொல்லுங்க சம்பந்தி."

"வரப்போற மதிப்பீட்டாளரம்மாவைப் பத்தி விசாரிச்சேன். அவங்க பளபளப்பைச் சீண்டவே மாட்டாங்களாம். தொழிற்சாலைல பொறந்தப்ப இருந்த குறையெல்லாம் அப்படியே இருக்கான்னுதான் பாப்பாங்களாம். கோணல் கோணலாவே இருக்கணும். நம்ம மாடல்ல கதவு கீலுக்குக் கீழ ஒரு சொட்டு உண்டாமே? அதுக்குப் பேரே மச்சமாம். அது இருந்தா வண்டி அசல். இல்லேன்னா எங்கயோ அடிபட்டு மறுபடி வண்ணம் அடிச்சதுன்னு அர்த்தமாம்."

"உங்க வண்டில... இருக்கா?"

"கம்பீரமா இருக்கு. உங்களோடதுலயும் இருக்கும்ல?"

தொலைபேசியை வைத்துவிட்டு, இன்னும் காலி செய்யாத எங்கள் பழைய வீட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். கதவைத் திறந்தேன். கீலுக்குக் கீழே குழந்தையின் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. காசு கொடுத்து வாங்கின மச்சத்தைக் கூலியில்லாமல் நானே வழித்து எறிந்திருக்கிறேன். உலகத்தில் எவனும் சீராக்கிக் கெடுத்திருக்க மாட்டான், நான் கெடுத்திருக்கிறேன்.

அழுதேன் என்று எழுதினால் நம்புவீர்கள், ஆனால் அழவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. போன பல்லுக்குப் பொய்ப்பல் கட்டுவது எனக்கு என்ன புதிதா?

பொய்ப்பல் கட்ட முதலில் அச்செடுக்க வேண்டும். புதினா மணக்கும் இளஞ்சிவப்பு மாவைத் தண்ணீரில் குழைத்து வாயில் வைப்போமே, வைத்த உடனே உங்களுக்குக் குமட்டுமே, அந்த அச்சுப்பசைதான். ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது. ரப்பர் கிண்ணத்தையும் கரண்டியையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"சம்பந்தி வீட்டுக்குப் போயிட்டு வரலாம் வா. நீ அவங்களைப் பேச்சுல பிடிச்சு வை. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடற மாதிரி அவர் கொட்டகைக்குள்ள போய் அந்த மச்சத்தை அச்செடுத்துக்கிட்டு வந்துடறேன்."

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவள். காப்பியடிப்பவனை மூன்றாவது பெஞ்சு தாண்டியும் மோப்பம் பிடிப்பாள்.

"வெக்கமா இல்லையா? இந்த வயசுல காப்பியா?"

"தோத்தா வண்டி போயிடும்டி."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். "வண்டி போச்சுன்னா ஞாயித்துக்கிழமை பூரா என்னைத்தான் பாலிஷ் போட்டுக்கிட்டு இருப்பீங்க. வாங்க, போலாம்."

காப்பி வந்தது. என் மனைவி சம்பந்தியம்மாவிடம் முட்டி வலியைப் பற்றி ஆரம்பித்தாள். முட்டிவலி அள்ள அள்ளக் குறையாத விஷயம். நான் கண்ணாடியைக் காணோம் என்று எழுந்தேன். கண்ணாடி என் மூக்கிலேயே இருந்தது. நல்லவேளை, யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

சம்பந்தியின் கொட்டகையில் குழாயடியில் பசையைக் குழைத்தேன். கதவைத் திறந்தேன். ஆமாம், இருந்தது. அரிசி அளவு சிவப்புச் சொட்டு, வால்கூட அழகாக இடப்பக்கம் சுழித்திருந்தது. அப்பிவிட்டு, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி அசையாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அந்த வானொலிக் குரல் நெருங்கி வந்தது. ஓடமுடியாது, பசை இறுகவில்லை. பேசாமல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கையை மட்டும் கதவிடுக்கில் வைத்துக்கொண்டேன்.

"என்ன சம்பந்தி? என் வண்டிக்குள்ள உக்காந்திருக்கீங்க?"

"பொறாமைல உக்காந்திருக்கேன்," என்றேன்.

உடனே நம்பிவிட்டார். எந்தப் பொய்யைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்கிற மனிதர்கள், உன்னைப் பார்த்துப் பொறாமை என்றால் மட்டும் சாட்சி கேட்பதில்லை. முகம் மலர்ந்து, "உக்காருங்க, உக்காருங்க," என்று மூக்கை உறிஞ்சினார். "என்ன இது, புதினா வாசனை?"

"தொழில் வாசனை. ஓய்வு பெற்றாலும் போகாது."

அவர் திருப்தியாகத் திரும்பி நடந்தார். பசை இறுகியிருந்தது. உரித்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அச்சில், பல்லின் ஓட்டை அடைக்கிற பிசினைச் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றினேன். நீல விளக்கைப் பிடித்து இறுக வைத்தேன். வெளியே எடுத்தால், ஐயோ, என் கைக்கு நானே முத்தம் கொடுத்தேன்! அந்த அரிசி, அந்த வால், அந்தச் சுழி. என் தொழில் வாழ்க்கையில் ஒரு ராஜகுடும்பத்துக்குக்கூட இப்படிப் பல் கட்டியதில்லை. (ராஜகுடும்பம் எதுவும் என்னிடம் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.) சிவப்பியின் கதவிடுக்கில் ஒட்டினேன். நிமிர்த்திய சின்னத்தை மறுபடி ஒரு மயிரிழை சாய்த்தேன். இருபது வருஷ வைத்தியத்தை ஒரே மத்தியானத்தில் வியாதியாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மதிப்பீட்டு நாள். மகள் வீட்டு முற்றத்தில் இரண்டு சிவப்புக் கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மதிப்பீட்டாளரம்மா நாற்பது வயசுக்காரி, முழங்கால் தேய்ந்த நீலக் கால்சட்டை, நெற்றியில் கட்டிய சின்ன டார்ச் விளக்கு. பேச்சுக் குறைவு. மார்புப் பையிலிருந்து அவள் எடுத்ததைப் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. நீளக் கம்பியின் நுனியில் வட்டக் கண்ணாடி. நான் காலமெல்லாம் பிடித்த அதே வாய்க்கண்ணாடி!

"எங்க வாங்கினீங்க?" என்றேன்.

"பல் டாக்டர்ங்க சாமான் விக்கற கடையில. இடுக்கு பாக்க இதை விட வசதி இல்ல சார்."

நல்ல சகுனம் என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தேன். அவள், "உங்க சாமானாலயே மாட்டப்போறீங்க," என்றாள். இந்தப் பெண்களுக்கு நாக்கில் கரும்புள்ளி இருக்கிறது என்பது உண்மைதான்.

முதலில் சம்பந்தியின் வண்டி. கதவைத் திறந்தாள், குனிந்தாள், கண்ணாடியை விட்டாள்.

"மச்சம் இருக்கு," என்றாள்.

"இருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்," என்றார் சம்பந்தி, வானத்தைப் பார்த்து.

அடுத்து சிவப்பி. கதவைத் திறந்தாள், குனிந்தாள்.

"இதுலயும் இருக்கு. பரவாயில்லையே."

நான் சம்பந்தியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். மதிப்பீட்டாளரம்மா நிமிரவில்லை. கண்ணாடியை இன்னும் உள்ளே விட்டாள். பிறகு சம்பந்தி வண்டிக்குப் போனாள். மறுபடி சிவப்பிக்கு வந்தாள். மறுபடி அங்கே.

"இந்த மாடல்ல இதுவரைக்கும் நிறைய வண்டி பாத்துட்டேன்," என்றாள் நிதானமாக. "எல்லாத்துலயும் மச்சம் உண்டு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. கையால அடிச்ச வண்ணம், வழியற விதத்துல வழியும். இங்க ரெண்டும் ஒரே நீளம். ஒரே அகலம். வால் ஒரே பக்கம் சுழிச்சிருக்கு. ஒரே வயித்துல பொறந்த ரெட்டைப் புள்ளைங்களுக்குக்கூட மச்சம் இப்படி அமையாது."

முற்றத்தில் ஈ பறந்தால் கேட்கும். அந்த ஈயும் உட்கார்ந்துவிட்டது.

"ஒருத்தர் இன்னொருத்தரைப் பாத்துச் செஞ்சிருக்கீங்க. யாருன்னு தெரியற வரைக்கும் ரெண்டு மச்சத்தையும் நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன்."

சொல்லிக்கொண்டே சம்பந்தி வண்டிக் கீலின் சந்திலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்தாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள். இளஞ்சிவப்பாக ஒரு துணுக்கு.

"புதினா," என்றாள்.

சம்பந்தியின் தலை மெதுவாக என் பக்கம் திரும்பியது. பெரிய கப்பல் துறைமுகத்தில் திரும்புவது போல. "தொழில் வாசனை... ஓய்வு பெற்றாலும் போகாது?"

என் மகள் இடுப்பில் கையை வைத்தாள். "அப்பா?"

வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவன் நான். அன்றைக்கு என் வாய் தானாகத் திறந்தது. "நான்தான். அச்செடுத்தேன். என் வண்டிக்கு மச்சம் இருந்துச்சு மேடம், சத்தியமா இருந்துச்சு. நான்தான் அழகா இல்லேன்னு இழைச்சுத் தள்ளிட்டேன். தப்பு என்மேல. சம்பந்தி வண்டில இருக்கறது அசல். அதை மதிப்புல சேத்துக்கங்க."

இவ்வளவு பெருந்தன்மையாகப் பேசினேனே, சம்பந்தி என்னைக் கட்டிப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் காலணியின் கயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அசல்தானான்னு பாத்துடலாம்," என்று மதிப்பீட்டாளரம்மா ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். "இது கார் வண்ணத்தைத் தொடாது. மத்ததை விடாது." பஞ்சில் நனைத்து, சம்பந்தியின் கம்பீரமான மச்சத்தின்மேல் வைத்து எடுத்தாள். பஞ்சு வெற்றிலை போட்ட வாயாகச் சிவந்தது. மச்சம் பாதியாகிவிட்டது.

அதுவரை வாயே திறக்காத சம்பந்தியம்மா நாலே எட்டில் வந்து பஞ்சைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். தன் விரல் நகத்தைப் பார்த்தார். மறுபடி பஞ்சைப் பார்த்தார்.

"அடப்பாவி மனுஷா! இது என் நகப்பூச்சு!"

"அது வந்து..."

"வேலைக்காரி எடுத்துட்டான்னு அந்தப் பொண்ணை நாலு வார்த்தை கேட்டுட்டேனே! முழு பாட்டிலு!"

"ஒரு சொட்டுதான்மா எடுத்தேன். சரியா வர்ற வரைக்கும்... பல சொட்டு."

சம்பந்தியின் குரல், அத்தனை வீடுகளின் கூடத்திலும் அதிர்ந்த குரல், கிணற்றுக்குள் விழுந்த கொலுசு மாதிரி ஒலித்தது. எப்போதோ ஒரு பேருந்து உரசியதாம். அந்தப் பக்கம் முழுக்க மறுபடி வண்ணம் அடித்தபோது நிஜ மச்சம் மூடிப்போனதாம். கேள்விப்பட்டதை வைத்துக் குத்துமதிப்பாக ஒன்றை உண்டாக்கினாராம். அதாவது, நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டகையில் பதுங்கி, ராஜகுடும்பத்துக்கும் கட்டாத நேர்த்தியோடு நகலெடுத்தது ஒரு நகப்பூச்சை!

மதிப்பீட்டாளரம்மா சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். எனக்குத் தெரியும், அந்தத் தாடை எப்படி நடுங்கும் என்று. கடைசியில் முடியாமல் சிவப்பியின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு வண்டி மதிப்பையும் இறக்கித்தான் போடணும்," என்றாள். "ஒண்ணு அடிபட்டது. ஒண்ணு அளவுக்கு மீறித் துடைச்சது. இன்னும் விளக்கு ஒண்ணுதான் பாக்கி. பாத்துட்டு முடிச்சுடலாம்."

சம்பந்தி உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். இரண்டு விளக்கும் ராணுவ வீரர்கள் போல ஒன்றாக எழுந்தன.

"மோட்டாரை மாத்தியிருக்கீங்க," என்றாள் அவள்.

"பூனை கடித்துவிட்டது," என்றார் சம்பந்தி, செய்தி முடிவுறும் தொனியில்.

என் முறை. உட்கார்ந்தேன். பழக்க தோஷத்தில், "ரெண்டும் எந்திரிச்சிடுச்சா?" என்று கத்திக்கொண்டே அழுத்தினேன்.

முன்னால் மதிப்பீட்டாளரம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் என் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு.

"இன்னொரு தடவை அழுத்துங்க சார்."

அழுத்தினேன்.

"இன்னொரு தடவை."

என்ன இழவு, இதுவும் போச்சா என்று நினைத்தபோது அவள் கையைத் தட்டினாள். "சார்! இடது பக்கம் தாமதமா எந்திரிக்குது! வலது எந்திரிச்சு, ஒரு இமைப்பொழுது கழிச்சுத்தான் இடது. கண்ணடிக்கற மாதிரி!"

"ஐயோ, அதையும் சரி பண்ணிடறேன் மேடம், ஒரு அஞ்சு நிமிஷம்..."

"தொட்டீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்!" என்றாள். மரியாதையான பெண், ஆனால் அப்படித்தான் சொன்னாள். "இந்த மாடல்ல இடது விளக்குக்கு ஒயர் சுத்து வழியாப் போகும். அதனால பொறவியிலேயே இப்படித்தான். வாங்கின எல்லாருமே கோளாறுன்னு நினைச்சு மெக்கானிக் கிட்ட கொடுத்து நேராக்கிட்டாங்க. கண்ணடிக்கற வண்டியை நான் படத்துலதான் பாத்திருக்கேன். இதோட மின்சாரத்துல ஒரு கை படலேன்னு இதை விடச் சாட்சி வேணாம். எப்படி சார் இதை மட்டும் விட்டு வச்சீங்க?"

நான் எப்படி விட்டு வைத்தேன்? அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாதே! தலையை நீட்டி என் மனைவியைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"வாங்கின நாள்லேருந்து."

"என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னா அதையும் சரி பண்ணிடுவீங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமையானா என்னைப் பாத்துக் கண்ணடிக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு."

முற்றமே சிரித்தது. ஆயுசு முழுக்க மற்றவர்கள் பிழையைத் திருத்தியவள், இந்த ஒரு பிழையை மட்டும் திருத்தாமல், காட்டிக்கொடுக்காமல், பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அந்தக் காதல் சிரிப்பு என்னைப் பார்த்து வந்ததல்ல என்ற விஷயத்தை நான் இங்கே பெரிதுபடுத்த விரும்பவில்லை.

சிவப்பி ஜெயித்தாள். சும்மா இல்லை, மதிப்பைக் கேட்டதும் மருமகன் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் நழுவி அவனையே நனைத்தது. ஆனால் மதிப்பீட்டாளரம்மா போகும்போது என் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள். "இனிமே துடைக்கக்கூடாது. நிமிர்த்தக்கூடாது. அந்த ஒட்டுப்பல்லை மட்டும் எடுத்துடுங்க. மத்தபடி வெறும் கையோட நின்னு பாக்கலாம்."

சம்பந்தி தன் வண்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எதிரி தோற்றால் இனிக்கும். கூட்டுக்களவாணி தோற்றால் இனிக்காது. "மாமா, பேச்சுப்படி இன்னிக்கே வித்துடணும்," என்று மகள் மெல்லத்தான் சொன்னாள்.

"நான் வாங்கிக்கறேன்," என்றார் சம்பந்தியம்மா.

எல்லோரும் திரும்பினோம்.

"என்ன பாக்கறீங்க? ஒரு பாட்டில் நகப்பூச்சு முன்பணமாக் குடுத்தாச்சு. மீதிக்கு, இத்தனை வருஷம் வீட்டுலயும் இந்த மனுஷன் வாசிச்ச செய்தியைக் கேட்டிருக்கேன், கழிச்சுக்கச் சொல்லுங்க. அசலும் இல்ல, அபூர்வமும் இல்லேன்னு ஆயிடுச்சுல்ல? அப்புறம் எதுக்குக் கொட்டகை? வெயில்ல நிக்கட்டும். நான் ஓட்டப்போறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே?" என்றார் சம்பந்தி.

"உங்களுக்கு மட்டும் தெரியுமா? ஓட்டியிருந்தா பூனை எப்படிக் குடித்தனம் பண்ணும்?"

சம்பந்தி சாவியை எடுத்து நீட்டினார்.

ஓட்டக் கற்றுக்கொண்ட சம்பந்தியம்மா இப்போது தலைதெறிக்கிற வேகத்தில் ஊரைச் சுற்றுகிறார். கறிகாய் வாங்கக்கூட அதில்தான். பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு சம்பந்தி. வளைவுகளில் அவர் எழுப்புகிற குரல் நான்கு தெரு தாண்டிக் கேட்கிறது, ஒலிபெருக்கி இல்லாமல். கதவிடுக்கில் அந்தப் பாதி மச்சத்தை அந்தம்மா மறுபடி பூசி முழுதாக்கிவிட்டார். இப்போது ஊதா நிறம்.

எனக்குத்தான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போகிறேன். கொட்டகையைத் திறக்கிறேன். சிவப்பி நிற்கிறாள், சாய்ந்த சின்னத்தோடு. என் கை பரபரக்கிறது. பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

போன வாரம் என் மனைவி, "இன்னிக்கு நீங்க முன்னால நில்லுங்க. நான் அழுத்தறேன்," என்று உள்ளே ஏறி உட்கார்ந்தாள். நின்றேன். முதலில் வலது கண் திறந்தது. ஒரு இமைப்பொழுது. பிறகு இடது. பாவிமகள், எவ்வளவு ஒய்யாரமாகக் கண்ணடிக்கிறாள்!

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் அந்த ஒயரை ஒரு சாண் குறைத்தால் இரண்டும் எவ்வளவு அழகாக ஒன்றாக எழும்பும் என்று என் கை, என்னைக் கேட்காமலே, பைக்குள் இருந்த திருப்புளியைத் தேடிப் போனது.

உள்ளேயிருந்து குரல் வந்தது, மூன்றாவது பெஞ்சைப் பார்த்து வருகிற அதே குரல்.

"கையை வெளிய எடுங்க."